குதிரைக்குக் கொம்பு: இல்லாத கணினிக் கட்டளைகளின் வரலாறும் பொருளும்

கேள்வி

தமிழ் அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை என்று ஓர் அணி உண்டு. உலகத்தில் இல்லாத ஒன்றை இருப்பதுபோல் வைத்து ஒப்பிடுவது. கொம்பு முளைத்த குதிரையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே பார்த்துவிட்டோம். அந்த அணியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குதிரை உண்டு, கொம்பும் உண்டு. இரண்டும் சேர்ந்தது மட்டுமே இல்லை. கணினி நிரலர்களிடையே அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புழங்கிவரும் ஒரு நகைச்சுவை மரபு இதே இலக்கணத்தில்தான் இயங்குகிறது. செயலிகளில் இல்லாத கட்டளைகளைக் கற்பனை செய்து, அவற்றுக்குப் பெயர் வைத்து, அகரவரிசைப்படுத்தி, மெய்யான கையேட்டின் பக்கம்போலவே அச்சடித்துக் கைமாற்றிக்கொள்ளும் மரபு அது.

செயலிக்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. இந்த எண் வந்தால் கூட்டு, அந்த எண் வந்தால் நினைவகத்திலிருந்து எடு, இன்னொன்று வந்தால் வேறிடத்துக்குத் தாவு என்று அதன் சுற்றுகள் அமைந்திருக்கின்றன. அந்த எண்ணைத்தான் ஆப்கோடு என்கிறோம். எண்களை மனிதர் நினைவில் வைத்திருப்பது கடினம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் சில எழுத்துகளில் ஒரு குறுஞ்சொல் வைத்தார்கள். அசெம்பிளி மொழி என்பது இந்தக் குறுஞ்சொற்களின் மொழி. அதே வடிவில் புனையப்பட்டவற்றுள் மிகப் புகழ்பெற்றது எச்.சி.எஃப். ‘நின்று தீப்பற்று’ என்பது அதன் விரிவு.

இந்தக் கட்டளைகள் எதைப் பார்த்துச் சிரிக்கின்றன, அவற்றுள் அறிவு என்று சொல்லத்தக்கது ஏதும் இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இருக்கிறது என்பது என் முடிவு. வேலை நேரத்துக் கேலி என்று ஒதுக்கப்பட்ட இந்தப் பட்டியல்கள், கணினிக்கும் நிரலருக்கும் இடையிலான ஒப்பந்தம் எங்கே பேச்சற்றுப் போகிறது என்பதைத் துல்லியமாகக் காட்டுகின்றன.

பட்டியலை வாசித்தல்: அகச்சான்றுகள்

பட்டியல்களுக்கு ஆசிரியர் இல்லை. ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் நகலெடுத்து, நான்கு சேர்த்து, இரண்டைத் திருத்தி அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார். நாட்டார் வழக்காறு பரவும் முறைதான் இது. ஆகவே பழந்தமிழ் நூல்களின் காலத்தை ஆராய்பவர்கள் செய்வதைத்தான் நாமும் செய்ய வேண்டியிருக்கிறது. புறச்சான்று மெலிவாக இருக்கும்போது அகச்சான்றைப் பார்க்க வேண்டும்.

முதல் அடுக்கு எளிதில் தெரிகிறது. ‘அட்டையைப் படித்துக் கிழி’, ‘டேப்பைச் சுற்றி அறு’, ‘பிரிண்டர் காகிதத்தைக் கசக்கிப் பிய்’ போன்றவை துளையட்டைகளும் காந்த நாடாக்களும் ஆண்ட காலத்தவை. இவற்றோடு ‘நினைவகக் காப்புச் சாவியை அழி’, ‘நிரல் நிலைச் சொல்லைக் கலக்கு’ என்ற இரண்டும் வருகின்றன. காப்புச் சாவி, நிரல் நிலைச் சொல் இரண்டும் 1964 ஏப்ரலில் ஐ.பி.எம் அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தின் சொந்தக் கலைச்சொற்கள். அந்தக் குடும்பத்தின் கையேட்டைப் படித்த கைகள்தான் இவற்றை எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தடுத்த அடுக்குகள் இடைச்செருகல்கள். ‘சட்டைப்பைக் கால்குலேட்டராக நடி’ என்ற கட்டளை 1970-களுக்கு முன் பிறந்திருக்க முடியாது, எச்.பி. நிறுவனத்தின் ‘எச்.பி-35’ சட்டைப்பைக் கால்குலேட்டர் 1972-இல்தான் வந்தது. ‘அங்கிருந்து வா’ என்பதற்கு ஆண்டு மட்டுமல்ல, ஆசிரியரே உண்டு. ‘அங்கே போ’ என்ற கட்டளை தீங்கானது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-இல் எழுதிய கடிதம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதற்கு விளையாட்டாக மாற்று சொல்லி, ‘அங்கிருந்து வா’ என்ற கட்டளையை ஆர். லாரன்ஸ் கிளார்க் 1973 டிசம்பர் ‘டேட்டாமேஷன்’ இதழில் முன்வைத்தார். ‘வரிசையில் எங்காவது செருகு’ என்பது 1977-இல் வந்த வாக்ஸ் கணினியை நினைத்து எழுதியது என்றே கருதுகிறேன். வரிசையில் ஓர் உறுப்பைச் செருகுவதற்கென்றே வாக்ஸில் ஒரு மெய்யான கட்டளை இருந்தது. புனைந்த பெயரின் முதல் நான்கு எழுத்துகள் அந்த மெய்யான பெயரினுடையவை.

காலத்தைவிட முக்கியமான அகச்சான்று வடிவம். சிஸ்டம்/360-இன் மெய்யான கட்டளைகள் சிலவற்றின் பெயர்களைத் தமிழில் சொன்னால் ‘இணைத்துத் தாவு’, ‘சோதித்து அமை’, ‘பெயர்த்துச் சோதி’, ‘திருத்திக் குறி’ என்று வரும். இரண்டு வினைகள், நடுவே ‘அண்ட்’ என்ற இணைப்பு. தமிழில் வினையெச்சமும் ஏவலும் சேர்ந்த அமைப்பு இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ‘நின்று தீப்பற்று’ இதே அச்சில் வார்த்தது. முதல் வினை மெய்யான கட்டளைக்கு உரியது; இரண்டாவது வினையில் உலகம் கவிழ்கிறது. முதல் பாதி குதிரை, இரண்டாம் பாதி கொம்பு. இந்த வாய்பாட்டை அறியாத ஒருவருக்கு எச்.சி.எஃப் வெறும் கூச்சல். அறிந்தவருக்கு அது இலக்கணப் பிழையே இல்லாத பொய்.

சிலேடைகளும் நிறைய. அட்டையில் துளையிடுவதற்கும் முகத்தில் குத்துவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால், ‘இயக்குநரை உடனே குத்து’ என்று ஒரு கட்டளை. கட்டளையைச் செயல்படுத்துவதற்கும் ஆளைக் கொல்வதற்கும் ஒரே சொல் என்பதால் ‘இயக்குநரை நிறைவேற்று’ என்று இன்னொன்று. தண்டனையை ‘நிறைவேற்றும்’ நம் மொழியிலும் அதில் பாதி தங்குகிறது.

இதுவரையான விளக்கங்கள்

இந்த மரபைப் பற்றி இதுவரை நிலவும் எண்ணங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, இது குழூஉக்குறி என்பது. பொற்கொல்லர், யானைப்பாகர் போலத் தங்களுக்குள் மட்டும் புரியும் மொழியில் பேசித் தொழில்வட்டத்தை இறுக்கிக்கொள்வது. இரவு முழுக்கப் பிழை தேடிய களைப்பைச் சிரித்துத் தீர்ப்பது. இது பொய்யில்லை. ஆனால் எந்தத் தொழிலின் எந்தக் கேலிக்கும் இதைச் சொல்லிவிடலாம். கட்டளைப் பட்டியல் என்ற இந்தக் குறிப்பிட்ட வடிவம் ஏன் என்பதற்கு அதில் விடை இல்லை.

மற்றது, நையாண்டி தீர்க்கதரிசனமாகியது என்ற கதை. எச்.சி.எஃப் முதலில் கேலி, பிறகு மெய்யாகவே ஒரு செயலியில் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்வார்கள். 2014 முதல் 2017 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடர் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து இக்கதையைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. தொடக்கத்தில் அது தரும் விளக்கத்தின்படி, எல்லாக் கட்டளைகளும் ஒரே நேரத்தில் முந்துவதற்குப் போட்டியிட வைக்கும் பழைய கட்டளை எச்.சி.எஃப். நிரலர்களின் வழக்காற்று அகராதியாகிய ‘ஜார்கன் ஃபைல்’ வேறொன்று சொல்கிறது: சோதனைக்காக வைக்கப்பட்ட, பாதி புராணமான கட்டளைகள் அவை; மோட்டோரோலா 6800 செயலியில் அது முகவரியும் தரவும் ஓடும் பஸ் கம்பிகளை மிக வேகமாக மாற்றியடித்து, சில அமைப்புகளில் அவற்றை எரித்துவிடவும் கூடும்.

தொடரின் விளக்கமும் அகராதியின் விளக்கமும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. மெய்யாக என்ன நடந்தது என்பதோடும் ஒத்துவரவில்லை.

6800-இல் நடந்தது

மோட்டோரோலா 6800 1974-இல் வெளிவந்த எட்டு பிட் செயலி. எட்டு பிட்டில் 256 எண்கள் உண்டு. அவற்றுள் 197-க்கு மட்டுமே நிறுவனம் பொருள் சொல்லியிருந்தது. மீதி 59 எண்கள் கையேட்டில் வெறும் கட்டங்கள். அந்தக் கட்டங்களில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஊட்டிப் பார்த்த ஜெர்ரி வீலர், 1977 டிசம்பர் ‘பைட்’ இதழில் தாம் கண்டதை எழுதினார். பதினாறடிமான எண்களில் 9டி, டிடி என்ற இரண்டுக்கும் எச்.சி.எஃப் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

9டி-யைச் செயலிக்குக் கொடுத்தால் நடப்பது இது. செயலி அடுத்த கட்டளையை எடுக்க வேண்டும்; எடுப்பதில்லை. அதற்குப் பதில் நினைவகத்தின் ஒரு முகவரியைப் படிக்கிறது, அடுத்ததைப் படிக்கிறது, அதற்கடுத்ததைப் படிக்கிறது. படித்ததை எதற்கும் பயன்படுத்துவதில்லை. 16 முகவரிக் கம்பிகளும் ஓர் எண்ணிபோல மேலே மேலே போகின்றன. கடைசி முகவரி வந்ததும் மறுபடி பூஜ்யம். குறுக்கீடு எதற்கும் அது செவிசாய்ப்பதில்லை. ரீசெட் ஒன்றுதான் வழி. ஒரு மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு துடிப்புக்கு ஒரு முகவரி என்று வைத்துக் கணக்கிட்டால், 65,536 முகவரிகளையும் கடக்க 66 மில்லிவிநாடிகூட ஆகாது. ஆக, மேல்நிலைக் கம்பி விநாடிக்குச் சுமார் 15 முறை மட்டுமே அணைந்து எரியும். ஆல்டேர் 680 போல முகவரி விளக்குகள் முகப்பிலேயே இருந்த கணினியை வைத்திருந்தவர் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய காட்சி இது: ஓர் ஓரத்து விளக்கு படபடக்க, மறு ஓரத்து விளக்குகள் எல்லாம் மங்கலாக, நிலையாக எரிவதுபோல் தோன்றும்.

தீ எங்கே? எங்கும் இல்லை. சாதாரண நிரல் ஓடும்போதும் முகவரிக் கம்பிகள் அதே கடிகாரத்துக்குத்தான் மாறுகின்றன. 9டி அதைவிட வேகமாக எதையும் அடிப்பதில்லை. கம்பிகள் எரியக்கூடும் என்ற அகராதிக் குறிப்பை, பெயர் தந்த கற்பனை என்றே எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகள் ஒன்றோடொன்று போட்டியிடும் என்ற தொலைக்காட்சி விளக்கமும் அப்படித்தான். 6800-இல் போட்டியே இல்லை. அங்கே கட்டளை என்பதே எடுபடாமல் போய்விட்டது.

(எரிவதற்கு மிக அருகே வந்தது வேறொரு கதை. கமடோர் பெட் கணினியில் 59458 என்ற முகவரியில் 62 என்ற எண்ணை எழுதினால் திரை எழுத்து வேகமாக வரும் என்று பயனர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பின்னால் வந்த பெட் மாதிரிகளில் திரைச் சுற்று மாறியது; அதே எண் அங்கே திரையைப் பாழாக்கக்கூடியதாயிற்று. அதற்கு ‘கொலைகார போக்’ என்று பெயரே உண்டு. ஆனால் அது செயலியின் கட்டளையன்று, நினைவகத்தில் எழுதும் ஒரு வரி.)

9டி ஏன் அங்கே இருந்தது? ஆப்கோடு அட்டவணையைக் கட்டம் போட்டு விரித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். ஏ.டி, பி.டி இரண்டும் துணைநிரலுக்குத் தாவும் கட்டளையின் இரு வடிவங்கள். அவற்றுக்கு நேர் மேலே, குறுகிய முகவரி வடிவத்துக்கு உரிய இடம் 9டி. அந்த வடிவத்தை 6800-இல் சேர்க்கவில்லை. இடம் காலியாகக் கிடந்தது. ஆனால் கட்டளையைப் பிரித்தறியும் சுற்று அந்த இடத்தை அடைத்து வைக்கவில்லை. கதவில்லாத அறைக்குள் செயலி நுழைந்துவிடுகிறது. பின்னர் வந்த 6801 செயலியில் அந்த அறைகளுக்குக் குடிவந்தார்கள்: 9டி துணைநிரல் தாவலாயிற்று, டிடி இரட்டை ரெஜிஸ்டரைச் சேமிக்கும் கட்டளையாயிற்று.

இதிலிருந்து வீலர் செய்தது என்னவென்று சரியாகச் சொல்ல முடிகிறது. கேலி மெய்யானது என்று அவர் அறிவிக்கவில்லை. பெயரில்லாத ஒரு நடத்தையை எதிர்கொண்டார். அதற்குப் பெயர் தேவைப்பட்டது. நிறுவனம் தராத பெயரை நாட்டார் மரபு ஏற்கெனவே வைத்திருந்தது. அதை எடுத்துச் சூட்டினார். அனுமான், புட்பகவிமானம் என்றெல்லாம் கதைப் பெயர்களைப் புதுப்பொருளுக்கு நாம் வைப்பதுபோல.

பெயரில்லாத எண்ணும் மறைத்த எண்ணும்

சிஸ்டம்/360-ஐப் பற்றி ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ், ஃபிரெட் புரூக்ஸ் மூவரும் 1964-இல் எழுதிய கட்டுரையில் ‘ஆர்க்கிடெக்சர்’ என்ற சொல்லுக்கு ஒரு புதுப்பொருள் கொடுத்தார்கள். நிரலருக்குத் தெரியும் அளவிலான கணினியின் பண்புகள் அதில் அடங்கும். உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது வேறு சேதி. சிறிய மாதிரியும் பெரிய மாதிரியும் உள்ளே முற்றிலும் வேறாக இருந்தாலும், ஒரே புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவை. இந்த ஏற்பாட்டின் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். இன்றைய கணினித் துறையே அதன்மேல் நிற்கிறது. ஆனால் அன்று முதல் கணினி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று புத்தகத்தில் இருக்கும் கணினி, மற்றது அறையில் இருக்கும் கணினி. கற்பனைக் கட்டளைகள் பெருகிய இடம் இந்தப் பிளவுதான்.

பொருளில்லாத ஆப்கோடு வந்தால் என்ன செய்வது என்பதையும் 360-இன் புத்தகம் சொல்லியிருந்தது: நிரலை நிறுத்திக் குறுக்கீடு எழுப்ப வேண்டும். எனவே 6800-இல் நடந்தது ஒழுங்கான 360-இல் நடக்கக்கூடாது. ஆனாலும் அந்தப் புத்தகத்திலேயே ஒரு விசித்திரப் பக்கம் இருந்தது. 83 என்ற எண்ணுக்கு உரிய ‘டயக்னோஸ்’ கட்டளை. பழுது பார்ப்பதற்கானது, அது என்ன செய்யும் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும், சாதாரண நிரல்களுக்கு உரியதன்று. அதற்குக் குறுஞ்சொல்லே கிடையாது. அசெம்பிளி மொழியில் அதைச் சொல்ல வாயில்லை. எண்ணாகவேதான் எழுத வேண்டும். ஒரு பக்கம் எண் உண்டு, பெயர் இல்லை. கேலிப் பட்டியலில் பெயர் உண்டு, எண் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, 360 காலத்து நிரலர்கள் ‘நின்று தீப்பற்று’ என்ற ஒன்று எங்கோ ஒளிந்திருப்பதாக ஏன் எளிதில் நம்பினார்கள் என்பது விளங்குகிறது. சொல்லப்படாத கட்டளை ஒன்று இருப்பதாகப் புத்தகமே ஒப்புக்கொண்டிருந்தது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சான்றாக வைக்கிறேன். நம் பொறியியல் கல்லூரிகளில் நுண்செயலி என்றால் நீண்ட காலமாக இன்டெல் 8085. ‘74 கட்டளைகள், 246 ஆப்கோடுகள்’ என்பது வாய்மொழித் தேர்வில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டிய விடை. நானும் சொன்னேன். 256-இல் 246 போனால் மீதி பத்து எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு பழைய பயிற்சிப் பலகை கைக்குக் கிடைத்தபோதுதான் அந்தக் கேள்வியோடு அதன்முன் உட்கார்ந்தேன். 4100 என்ற முகவரியிலிருந்து ஹெக்ஸ் விசைகளில் அடித்தேன்: 21 09 00, எச்.எல் ஜோடியில் ஒன்பது. 01 04 00, பி.சி ஜோடியில் நான்கு. பிறகு 08. கையேட்டில் 08 கிடையாது. 22 00 45, எச்.எல்-இல் இருப்பதை 4500-இல் வை. 76, நில். ஓட்டிவிட்டு 4500-ஐத் திறந்து பார்த்தேன். சிவப்பு எழுத்தில் 05.

08 ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் 09 இருந்திருக்கும். அது கழித்திருந்தது. 16 பிட் எண்ணிலிருந்து 16 பிட் எண்ணை ஒரே கட்டளையில் கழித்திருந்தது. பைட் பைட்டாகக் கழித்து, கடனைச் சுமந்து, நான்கைந்து வரியில் எழுதி மதிப்பெண் வாங்கிய அதே வேலை. அந்த 05-ஐ நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து எண்களையும் வோல்ஃப்காங் டேன்ஹார்ட், வில்லி சோரன்சன் என்ற இருவர் 1979 ஜனவரியிலேயே ‘எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் பொருளோடு வெளியிட்டிருந்தார்கள். அவை விபத்தல்ல, சுற்றில் வேண்டுமென்றே அமைத்த கட்டளைகள். ஏன் சொல்லாமல் விட்டார்கள்? ஸ்டீஃபன் மோர்ஸும் மற்ற இன்டெல் பொறியாளர்களும் 1980-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரை அதற்கு விடை தருகிறது: வரவிருந்த 8086 செயலி அவற்றையும் சுமக்க வேண்டிவரும் என்பதால் வெளியிடவில்லை. ஆக, கட்டளை ஒன்று ‘இருக்கிறதா’ என்ற கேள்விக்குச் சிலிக்கன் ஒரு விடையும் புத்தகம் வேறொரு விடையும் சொல்ல முடியும். புத்தகத்தின் விடைதான் தேர்வில் செல்லும்.

தீர்க்கதரிசனமா?

பட்டியலின் கட்டளைகள் சில பிற்காலத்தில் பலித்தன என்பார்கள். சான்றுகளைப் பார்ப்போம். ‘படிக்க மட்டுமேயான நினைவகத்தில் (ரோம்) எழுது’ என்பது அன்று முழுமுரண். பிறகு மின்சாரத்தால் அழித்தெழுதக்கூடிய ரோம் வந்தது, ஃபிளாஷ் வந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச் என்ற வைரஸ் விழித்து, கணினிகளைத் தொடக்கிவைக்கும் பயாஸ் சிப்பைக் குப்பையால் நிரப்பியபோது, முரண் பலருடைய மேசைமேல் நிகழ்ந்தது. கணினி எழவே எழாது. சிப்பையே மாற்ற வேண்டியிருந்தது.

‘இரு பக்கமும் தாவு’ இன்னும் நுட்பமானது. நிபந்தனை உண்மையானால் இந்தப் பக்கம், பொய்யானால் அந்தப் பக்கம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போக முடியாது என்பது நிரலின் அடிப்படை. இன்டெல் இட்டானியம் செயலியில் இரு பக்கத்துக் கட்டளைகளையும் ஓட்டி, பொருந்தாததை விட்டுவிடும் முறை இருந்தது. இன்றைய கணினிச் செயலிகள் பெரும்பாலும் பக்கத்தை ஊகித்து முன்கூட்டியே ஓடுகின்றன. ஊகம் தவறினால் நடக்காததுபோல் துடைத்துவிடுகின்றன. 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் என்ற பலவீனம், அந்தத் துடைப்பில் தடயம் எஞ்சுகிறது என்றும் அதைக் கொண்டு இரகசியங்களைப் படிக்கலாம் என்றும் காட்டியது.

இவற்றை வைத்துப் பட்டியலை எழுதியவர்கள் எதிர்காலத்தைக் கண்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலித்ததைத்தான் நினைவில் வைக்கிறோம். காகிதத்தைக் கசக்கும் கட்டளையும் பைனரி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கட்டளையும் பலிக்கவில்லை. நடந்தது வேறு. புத்தகம் சொல்லாமலே நம்பச் சொன்ன சில நியமங்கள் இருந்தன: ரோம் மாறாது, தாவல் ஒரே பக்கம், கட்டளை செயலிக்கு வெளியே கை நீட்டாது, நின்றால் மறுபடி எழும். கொம்பு எங்கே ஒட்டினால் சிரிப்பு வரும் என்று தேடியவர்களின் கை ஒவ்வொரு முறையும் இந்த நியமங்களில் ஒன்றின்மேல் பட்டது. வேகத்துக்காகவும் வசதிக்காகவும் பொறியாளர்கள் பின்னால் தளர்த்தியவையும் இதே நியமங்கள்தாம்.

இதற்கு வலுவான துணைச்சான்று வாக்ஸ். பல்லுறுப்புக் கோவையைக் கணக்கிட ஒரே கட்டளை, வரிசையில் செருக ஒரே கட்டளை என்று மெய்யான பட்டியலே கற்பனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. டேவிட் பேட்டர்சன், டேவிட் டிட்சல் இருவரும் 1980-இல் கட்டளைகளைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது: வாக்ஸின் அணிவரிசைச் சுட்டுக் கட்டளையை எடுத்துவிட்டு எளிய கட்டளைகள் சிலவற்றை வைத்தால், அதே வேலை 45 விழுக்காடு வேகமாக நடந்தது. பட்டியல் எழுதியவர்கள் எண்ணால் நிறுவவில்லை. ஆனால் கட்டளைத் தொகுதி வீங்கிக்கொண்டே போவதை அதே காலத்தில் அவர்களும் கண்டிருந்தார்கள். பட்டியலில் உள்ள ‘ரோமன் எண்ணாக மாற்று’ என்பதன் குறி அதுதான்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. உள்ளீடு–வெளியீட்டு வேலைகள் வரிசை தவறாமல் நடக்கப் பவர்பிசி செயலியில் வைத்த மெய்யான கட்டளையின் குறுஞ்சொல் இ.ஐ.இ.ஐ.ஓ. ஆங்கிலக் குழந்தைகள் பாடும் மெக்டொனால்டு தாத்தாவின் பண்ணைப் பாட்டின் பல்லவி அது. கேலியின் வடிவம் கையேட்டுக்குள்ளேயே முறைப்படி நுழைந்தது.

நின்றவை

6800-ஐ உருவாக்கிய குழுவிலிருந்து வெளியேறியவர்கள் 1975-இல் கொண்டுவந்த 6502 செயலியில் 151 ஆப்கோடுகளுக்குப் பொருள் இருந்தது. மீதியில் பன்னிரண்டு எண்கள் செயலியைப் பூட்டிவிடும். மற்றவற்றுள் பல, இரண்டு மெய்யான கட்டளைகள் பாதி பாதியாகக் கலந்ததுபோல் வேலை செய்தன. கமடோர் 64 நிரலர்கள் அவற்றையும் பயன்படுத்தினார்கள்.

1997 நவம்பரில் பென்டியத்தின் முறை. நான்கு பைட்டுகள்: எஃப்0, 0எஃப், சி7, சி8. முதல் பைட் பஸ்ஸைப் பூட்டு என்கிறது. அடுத்தவை நினைவகத்தில் எட்டு பைட்டை ஒப்பிட்டு மாற்று என்கின்றன; ஆனால் கடைசி பைட் நினைவகத்தைச் சுட்டாமல் ரெஜிஸ்டரைச் சுட்டுகிறது. பொருளற்ற கோரிக்கை; மறுத்துக் குறுக்கீடு எழுப்ப வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. செயலி மறுக்கத்தான் முனைகிறது. ஆனால் பூட்டிய பஸ்ஸைத் திறக்காமலே குறுக்கீட்டைத் தேடிப் போய், தான் போட்ட பூட்டுக்குள் தானே சிக்கிக்கொள்கிறது. எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத ஒரு பயனர் இந்த நான்கு பைட்டால் ஒரு சர்வரையே நிறுத்திவிட முடிந்தது. இயங்குதளங்கள் குறுக்கீட்டு அட்டவணையை நினைவகத்தில் வேறு விதமாக வைத்துச் சமாளித்தன. அன்று எழுதியவர்கள் இதையும் எச்.சி.எஃப் என்ற பழைய பெயரால் அழைத்தார்கள். வேறு பொருத்தமான பெயர் மொழியில் இல்லை.

பிறகு இந்தத் தேடல் முறைப்படுத்தப்பட்டது. 2017-இல் கிறிஸ்டோஃபர் டோமாஸ், எக்ஸ்86 செயலிகளில் ஒளிந்திருக்கும் கட்டளைகளைத் தேடும் ‘சாண்ட்சிஃப்டர்’ என்ற கருவியை வெளியிட்டார். ஒரு கட்டளை 15 பைட் வரை நீளலாம் என்பதால் எல்லாவற்றையும் முயல வழியில்லை; கட்டளை எங்கே முடிகிறது என்பதைச் செயலியிடமிருந்தே கறந்து தேடல் பரப்பைச் சுருக்கியது அவர் நுட்பம். வீலர் ஒரு பைட்டில் செய்தது இங்கே பதினைந்து பைட்டில் நடக்கிறது. 2024-இல் ஜெர்மனியின் சிஸ்பா ஆய்வு மையத்தினர் ரிஸ்க்-ஃபைவ் செயலிகளை இவ்வாறு ஒப்பிட்டுச் சோதித்து, டி-ஹெட் நிறுவனத்தின் சி910 செயலியில் காவலையெல்லாம் தாண்டி நினைவகத்தில் நேரே எழுதும் கட்டளைகளையும், அதே நிறுவனத்தின் வேறு செயலிகளில் அனுமதியே இல்லாமல் செயலியை நிறுத்திவிடும் கட்டளைத் தொடர்களையும் கண்டறிந்தனர்.

வெற்றுக் கட்டங்களை என்ன செய்வது என்பதில் வடிவமைப்பாளர்களும் பாடம் கற்றிருக்கிறார்கள். ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி பிட்டுகள் எல்லாம் பூஜ்யமாக இருந்தால் அது சட்டவிரோதக் கட்டளை. வழிதவறி வெற்று நினைவகத்துக்குள் தாவிய நிரல் அந்த இடத்திலேயே பிடிபட வேண்டும் என்பதற்காக. எக்ஸ்86 கையேட்டில் 0எஃப் 0பி என்ற எண்ணுக்கு யூடி2 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் வேலை, என்றைக்கும் எந்த வேலையும் இல்லாமல் இருப்பது. வந்தால் தவறாமல் மறுக்கப்படுவது. பெயர் உண்டு, எண் உண்டு, கையேட்டில் முழுப்பக்க விளக்கமும் உண்டு. லினக்ஸ் கருநிரலில், இந்த இடத்துக்கு நிரல் ஒருக்காலும் வரக்கூடாது என்று அதை எழுதியவர் நம்பும் இடங்கள் பலவற்றில் அந்த இரண்டு பைட்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன.